மெடிக்கல் ஃபிட் மாப்பிள்ளைக்கு

ஞாயிற்றுக்கிழமை நீ பேச்சை முடிக்காமலே போனை வைத்துவிட்டாய். "என்னைய சந்தேகப்படுறீங்களாப்பா?" என்று கேட்டாய். நான் வார்த்தை தேடுவதற்குள் இணைப்பு அறுந்தது. மஸ்கட்டில் சிக்னல் சரியில்லை போல என்று உன் அம்மாவிடம் சொன்னேன். "சிக்னல் நல்லாத்தான் இருந்துச்சு, நீங்கதான் வாயத் தெறக்கல" என்றாள். உண்மைதான். முப்பது வருடத்துக்கு மேல் இந்த மாவட்டத்தில் செய்தி எழுதிப் பிழைத்தவன், கல்யாணத்துக்கு நிற்கும் மகனிடம் ரத்தப் பரிசோதனை பற்றி ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் நின்றேன். மறுபடியும் கூப்பிட்டால் மறுபடியும் வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். கோபமாகத்தான் எழுதுகிறேன். பாதிக் கோபம் உன் மேல், பாதி என் மேல். அதிலும் அடங்காமல் மிஞ்சுவது, இந்த ஊர் நோயையும் வெட்கத்தையும் யார் தலையில் கட்டுகிறது என்பதன் மேல்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், தொழில் பழக்கம். வெள்ளிக்கிழமை உன் அத்தை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், உன் மெடிக்கல் சர்டிபிகேட்டைப் போட்டோ எடுத்து அறந்தாங்கியில் இருக்கும் பெண் வீட்டாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் 'ஃபிட்' என்று முத்திரை குத்தித் தருவார்களே, அந்தத் தாள். கூடவே ஒரு குரல் செய்தி. "எங்க புள்ள எல்லா டெஸ்ட்டும் பாஸ் பண்ணுனவன். நீங்களும் பொண்ணுக்கு ஒண்ணு எடுத்து அனுப்பிச்சிருங்க. இப்பல்லாம் எல்லாரும் கேக்குறதுதான், தப்பா நெனைக்காதீங்க." எனக்குச் சனிக்கிழமைதான் தெரிந்தது. அத்தையிடம் சத்தம் போட்டேன். "ஏண்ணே, அஞ்சு வருசம் ஹாஸ்டல்ல இருந்த பொண்ணு. கேட்டா என்ன கொறஞ்சு போச்சு?" என்றாள். உன்னிடம் சொன்னால் நீயாவது கண்டிப்பாய் என்று ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். நீ அத்தை பக்கம் நின்றாய். "எடுத்துட்டா எல்லாருக்கும் நிம்மதிதானப்பா" என்றாய். அப்படியானால் நீ எப்போது எடுக்கிறாய் என்று கேட்டேன். "எனக்கு எதுக்கு? நான்தான் மெடிக்கல் ஃபிட்டுல்ல." அது எப்போது எடுத்தது? "விசா அடிக்கும்போது. ரெண்டு வருசம் ஆகப்போவுது." "ரெண்டு வருசமா..." என்று இழுத்தேன். அதற்குப் பிறகுதான் சந்தேகப்படுகிறீர்களா என்று கேட்டாய்.

இப்போது பதில் சொல்கிறேன். இல்லை. ஓர் அறையில் எட்டுப் பேராக எப்படி இருக்கிறாய், லீவு நாளில் எங்கே போகிறாய் என்று நான் கேட்டதில்லை. இனிமேலும் கேட்க மாட்டேன். உனக்கு இருபத்தொன்பது வயது. ஆனால் ஒன்றைக் கவனி. சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கிறவனைப் பார்த்து 'அப்படி என்னத்தத் தின்ன' என்று யாரும் முறைப்பதில்லை. பால்வினை நோய்க்கு ரத்தம் கொடு என்று சொன்னால் மட்டும் அது குற்றச்சாட்டு ஆகிவிடுகிறது. அந்தக் குற்றச்சாட்டை உன்னால் ஒரு நிமிடம் தாங்க முடியவில்லை, போனை வைத்தாய். அதையே நீ இன்னும் நான்கு வார்த்தை பேசியிராத ஒரு பெண்ணின் மேல், அத்தை வாய் வழியாக, அவள் வீட்டார் அத்தனை பேரும் கேட்கும்படி வைத்தபோது உனக்கு அது நிம்மதியாகப் பட்டது.

அந்த ஃபிட் தாளின் சங்கதி ஒன்று உனக்குத் தெரியாது. உன் அம்மாவுக்கும் இந்த வாரம்தான் சொன்னேன். நீ அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாய். திருவரங்குளத்தைத் தாண்டி உள்ளே போகும் ஒரு கிராமத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார். போர்வெல் வண்டி வைத்திருந்தவர். அந்தப் பக்கம் எது நடந்தாலும் முதலில் எனக்குத்தான் போன் அடிப்பார். ஒருநாள் காலையில் கூப்பிட்டு, "சார், ஒரு இங்கிலீஸ் பேப்பர் வாசிச்சுச் சொல்லணும், செத்த வந்துட்டுப் போங்க" என்றார். நிலத் தகராறு, கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்துக்கொண்டு போனேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுப் பதினைந்து இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் தோளில் துண்டோடு ஒரு கொத்தனார், தலையைக் குனிந்துகொண்டு. அவருடைய மகள்தான் போர்வெல்காரரின் தம்பி மனைவி. அவளைச் செல்வி என்று வைத்துக்கொள். உண்மைப் பெயரை எழுதமாட்டேன்.

செல்விக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். வளைகுடாவில் இருந்து லீவில் வந்தவன் அவளைக் கட்டிக்கொண்டு, மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தான். அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் எடுப்பதுபோல ரத்தம் எடுத்ததில் சிபிலிஸ் இருப்பது தெரிந்தது. வாரம் ஒன்றாக மூன்று வாரம் ஊசி போட்டால் தாயும் பிழைப்பாள், பிள்ளையும் பிழைக்கும். முதல் வார ஊசியும் போட்டாகிவிட்டது. மாமியார் எதற்கு ஊசி என்று இவரிடம் அவரிடம் விசாரிக்க, 'பொம்பளைச் சீக்கு' என்ற பதில் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அந்த நோய்க்கு நம் பக்கத்தில் வைத்திருக்கும் பெயரைப் பார். ஆணிடம் இருந்து பெண்ணுக்கு வந்தாலும் பெயர் அதுதான்.

போர்வெல்காரர் உள்ளே போய், லேமினேஷன் போட்ட ஒரு தாளை எடுத்துவந்தார். "எந்தம்பி ஃபிட்டு சார். டாக்டரு சீலு இருக்கு. நீங்க வெளியாளு, படிச்சவரு. உள்ளத உள்ளபடி வாசிங்க, இவுகளும் கேக்கட்டும்." நான் கையில் வாங்கினேன். ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழிலும் சொன்னேன். ரத்தத்தில் இன்னின்ன நோய் இல்லை, அந்த நோயும் இல்லை, உடல்தகுதி உள்ளவர். கூட்டத்தில் யாரோ "அப்ப அந்தப் பக்கம்தான்" என்றார். உள்ளே கதவுக்குப் பின்னால் இருந்து செல்வியின் குரல் வந்தது. "அவுக அத எப்ப எடுத்தாகன்னு கேளுங்களேன்." உடனே இன்னொரு பெண்ணின் குரல், "ஒனக்கு என்னடி பேச்சு, உள்ள போ" என்றது.

எப்போது எடுத்தது என்பது எனக்குத் தெரியும். என் கண் முன்னால் இருந்தது. மூன்று வருடத்துக்கும் முந்தைய தேதி. அவன் முதன்முதலாக விமானம் ஏறுவதற்கு முன்னால் எடுத்தது. அதற்குப் பிறகு அவன் இரண்டரை வருடம் அங்கே இருந்து, வந்து, தாலி கட்டி, மறுபடியும் போயிருந்தான். எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதலில் தேதியைப் பார்க்கிறவன் நான். டெண்டர் நோட்டீஸ் ஒன்றில் தேதி இடித்ததைப் பிடித்துச் செய்தி போட்டுப் பெயர் வாங்கியவன். அன்றைக்குத் தேதியைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். பெண்கள் இருக்கும் இடத்தில் அந்தப் பேச்சை எப்படி எடுப்பது என்று கூச்சம். எனக்குச் செய்தி தருகிறவரைப் பலர் முன்னால் மடக்குவதா என்ற யோசனை. இதற்குள் ஒரு கலர் பாட்டிலை உடைத்து என் கையில் கொடுத்துவிட்டார்கள். குடித்துவிட்டு வண்டியை எடுத்தேன். நான் கிளம்பும்போதே அந்தக் கொத்தனார் தன் மகளின் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் பொய் ஒன்றும் வாசிக்கவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இருந்ததில் ஒரு வரியை விட்டுவிட்டு வாசித்தேன். அந்த ஒரு வரியையும் வாசித்திருந்தால் அவள் அந்த வீட்டில் இருந்திருப்பாள்.

நான்கைந்து மாதம் கழித்து, அந்தப் பகுதிச் செவிலியரைப் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். பாக்கியம் சிஸ்டர் என்போம். அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "எட்டாம் மாசம் செத்தே பொறந்துச்சு சார். பாக்கி ரெண்டு ஊசி. ரெண்டே ரெண்டு. அவ அப்பன் ஊருக்கு ரெண்டு தடவ தேடிப்போனேன். 'சிஸ்டர், நீங்க வந்து வந்து போனா ஊருக்கே தெரிஞ்சுரும், தயவுசெஞ்சு வராதீங்க'ன்னுட்டாரு. நல்ல மனுசன் சார், கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்றாரு, நான் என்ன பண்ண?" புருஷனுக்கு மருந்து கொடுத்தார்களா என்று கேட்டேன். சிரித்தார். "ஒருத்திக்கு ஊசி போடுறேன். ஒருத்தரு அங்கிட்டுப் பாலைவனத்துல இருக்காரு. ஊசியக் கூரியர்லயா அனுப்பச் சொல்றீங்க?"

அவன் அடுத்த லீவில் வந்து செல்வியிடம் பிரிவுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வேறு பெண்ணைக் கட்டினான். அந்தப் பெண் கர்ப்பமானபோது அவள் ரத்தத்திலும் அதே நோய் இருந்தது. போர்வெல்காரர் என்னிடம் வருத்தமாகச் சொன்னார்: "எந்தம்பிக்குப் பொண்ணு ராசியே இல்ல சார்." அதற்குப் பிறகு கம்பெனி மாறுவதற்காக அவன் மறுபடி மெடிக்கல் எடுத்தான். இந்த முறை அன்ஃபிட். அந்தத் தாளை வாசித்துச் சொல்ல என்னை யாரும் கூப்பிடவில்லை.

நான் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது. கொஞ்சம் செய்தேன், அதன் கதையையும் கேள். சுகாதாரத் துறை அதிகாரி ஒருவரைப் போய்ப் பார்த்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அவர் ஒரு பதிவேட்டைத் திறந்து காட்டினார். கர்ப்பிணிக்குப் பரிசோதனை என்ற இடத்தில் வரிசையாக டிக். கணவருக்குப் பரிசோதனை என்ற இடத்தில் வரிசையாக 'வெளிநாட்டில் உள்ளார்'. "இது போதுமா சார்?" என்றேன். "மேலிடத்துல கேக்குறது கர்ப்பிணிக் கணக்கு மட்டுந்தான் தம்பி. புருசன் கட்டத்தக் காலியா விட்டா கேள்வி வரும். இப்படி எழுதிட்டா வராது" என்றார். கெட்ட மனிதர் இல்லை. எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். கேள்வி வராமல் பார்த்துக்கொள்வதையே வேலையாகச் செய்துகொண்டிருந்தார். செய்தி எழுதி அனுப்பினேன். செய்தியைத் திருத்தும் டெஸ்க்கில் இருந்தவர் நோயின் பெயரை வெட்டிவிட்டு 'ஒரு வகை நோய்' என்று போட்டார். சண்டை போட்டேன். "காலையில குடும்பத்தோட படிக்கிற பேப்பருண்ணே" என்றார். அதே பக்கத்தின் கீழ்ப் பாதியில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் லாட்ஜில் வாராவாரம் வந்து தங்கும் வைத்தியரின் விளம்பரம் இருந்தது. ஆண்களின் ரகசிய நோய்கள் ஒரே வாரத்தில் குணம், ரூம் நம்பரோடு. குடும்பம் அதைப் படிக்கலாம்.

இவ்வளவு வருடத்தில் எத்தனையோ மாறியிருக்கிறது. மருந்து இலவசம், பரிசோதனை இலவசம், விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. கர்ப்பிணிகளிடம் இப்போது கணவரையும் அழைத்துவரச் சொல்கிறார்கள். அழைத்துவரும் வேலையும் அவள் தலையில்தான். காலை நேரத்தில், வேலையை விட்டுவிட்டு, இதற்காக ஒருவன் வருவான் என்று அந்தத் திட்டத்தை எழுதியவர் எந்த ஊரில் பார்த்தாரோ. ஆணின் ரத்தத்தை இந்த நாட்டில் யார் கேட்கிறார்கள் என்று யோசித்துப்பார். அயல்நாட்டு முதலாளி கேட்கிறார். அவருக்கு வேலை நடக்க வேண்டும். உன் கையில் இருக்கும் தாள் அந்த முதலாளிக்காக எடுக்கப்பட்டது. உனக்காகவோ உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவளுக்காகவோ யாரும் அதை எடுக்கவில்லை. பாஸ்போர்ட், லக்கேஜ் எடை, எவ்வளவு நகை போட்டுக்கொண்டு வரலாம் என்று எல்லாம் சொல்லி அனுப்புகிற ஊர், ஆணுறை போடு, சந்தேகம் வந்தால் ரத்தம் கொடுத்துப் பார் என்று ஒரு வார்த்தை உனக்குச் சொல்லவில்லை. ஊரை ஏன் சொல்ல வேண்டும்? திருச்சி ஏர்போர்ட்டுக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு வந்த நானும் சொல்லவில்லை. 'நேரத்துக்குச் சாப்பிடு' என்றேன்.

திங்கட்கிழமை சம்பந்தி வந்தார். உரக்கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு அறந்தாங்கியில் இருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் சண்டைக்கு வரல சம்பந்தி. எம்மக ஒங்ககிட்ட நேராப் பேசணுங்குது" என்று போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பெண் பதற்றமில்லாமல் பேசினாள்.

"மாமா, அந்த ரிப்போர்ட்டுல தேதியப் பாத்தேன். ரெண்டு வருசம் பழசு. பால் பாக்கெட்டுக்கே தேதி பாத்துத்தான் வாங்குறோம்."

உன் அம்மா அடுப்படியில் இருந்து சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்து வந்த குரலுக்கு இத்தனை வருடம் கழித்து அப்போதுதான் பதில் சொல்ல ஆள் வந்தது போல இருந்தது.

"நான் எடுக்க மாட்டேன்னு சொல்லல மாமா. அவங்களும் எடுக்கட்டும். லீவுல வரும்போது ஒரே நாளு, ஒரே எடத்துல. ரிசல்ட்ட நாங்க ரெண்டு பேரு மட்டும் பாத்துக்கிறோம். அத்தை, சித்தி, வாட்ஸ்அப் குரூப்பு, யாருக்கும் வேணாம். இதுக்கு அவங்க சரின்னு அவங்க வாயால சொல்லட்டும். இல்லைன்னா இதோட விட்ருவோம். எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல."

சம்பந்தி போனை அணைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இதெல்லாம் நான் சொல்லிக்குடுக்கல சம்பந்தி."

"அது தெரியுது" என்றேன்.

உன்னிடம் ஒன்றைக் கேட்பதற்கு முன்னால் அதை நான் செய்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. புதன்கிழமை ஓர் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்துக்குப் போனேன். போனதைப் பெருமையாகச் சொல்ல முடியாது. பிரஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டிய என் வண்டியைக் கண் சிகிச்சைப் பிரிவுக்கு முன்னால் நிறுத்திவிட்டு, சுற்றிக்கொண்டு பின்பக்கமாக நடந்தேன். அறுபதைத் தாண்டியவன், ஊருக்கெல்லாம் விழிப்புணர்வுச் செய்தி எழுதியவன், திருடன் மாதிரி நடந்தேன். அங்கே இருந்த ஆலோசகர் என்னை அடையாளம் கண்டு, "பேட்டியா சார்? மேல பெர்மிஷன் வாங்கணுமே" என்றார். "இல்லம்மா, எனக்கு டெஸ்ட் எடுக்கணும்." அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "உக்காருங்க" என்று ஒரு படிவத்தை எடுத்தார். பெஞ்சில் எனக்குத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், நான் எழுதும் பேப்பரையே விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அதில் நான் எழுதிய செய்தி தலைகீழாக இருந்தது. கேள்விகள் கூச்சமாகத்தான் இருந்தன. பத்து நிமிடம். பிறகு ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். அன்றைக்கே முடிவு சொல்லிவிட்டார்கள்.

முடிவு என்ன என்று அடுத்த வரியில் தேடாதே. அதை உன் அம்மாவிடம் சொன்னேன், அவளோடு நின்றது. முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தாமல் கேட்டாள்: "ஒங்க மகன் வயித்துல இருந்தப்ப என்னைய நிக்க வச்சு ரத்தம் எடுத்தாங்க. அன்னைக்கு வெளிய பெஞ்சில ஒக்காந்து பேப்பர் படிச்சீங்க. ஒங்களுக்கும் எடுக்கணும்னு ஒங்களுக்கும் தோணல, அங்க இருந்தவுகளுக்கும் தோணல. இருபத்தொம்பது வருசம் லேட்டா இல்ல போயிருக்கீங்க?"

உனக்குப் பயம் இருந்தால் அதையும் பேசிவிடுவோம். சிபிலிஸ் என்றால் பழைய, சாதாரண ஊசிதான், குணமாகிவிடும். எச்.ஐ.வி. என்றால் தினம் மாத்திரை உண்டு. ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்கள் வேலைக்குப் போகிறார்கள், கல்யாணம் செய்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். இருவரும் தெரிந்துகொண்டு எடுக்கிற முடிவாக அது இருக்க வேண்டும், அவ்வளவுதான். எது வந்தாலும் நீ என் மகன், இந்த வீடு உன் வீடு. அவளுக்கு வந்தாலும் இதே பேச்சுதான், அதில் ஓர் எழுத்து மாறாது. மாற்ற நினைப்பாய் என்றால் இப்போதே சொல்லிவிடு. அந்தக் கல்யாணத்துக்கு நான் பந்தக்கால் ஊன்ற மாட்டேன்.

அத்தை என்னோடு பேசுவதில்லை. அவளைச் சமாதானம் செய்வது என் வேலை, நீ அதில் தலையிடாதே. கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவரிடம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். மண்டபத்துக்காரரும் வாரக் கடைசிவரை பொறுப்பார். சம்பந்திக்கு நான் எந்தப் பதிலும் சொல்லவில்லை. நான் சொல்லிப் பயனில்லை என்று அவருக்கும் தெரியும். அந்தப் பெண்ணின் நம்பர் உன்னிடம் இருக்கிறது. எனக்குப் போன் செய்யாதே, அவளுக்குச் செய். வாட்ஸ்அப்பில் போனதற்கு முதலில் மன்னிப்புக் கேள். லீவு எந்தத் தேதியில் கிடைக்கும் என்று சொல். அதற்கு மேல் நீயாக அவளிடம் ஒன்றும் கேட்காதே. கேட்டது அவள், பதில் சொல்ல வேண்டியவன் நீ. வேலை முடிந்து அவள் வீட்டுக்கு வர ஆறு மணி ஆகும் என்று சம்பந்தி சொன்னார். ஆறுக்கு மேல் கூப்பிடு.

அப்பா